அமெரிக்கச் சுவீடிஷ் குடும்பங்களின் வழக்கங்களைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவர்கள் யார்? எப்போது போனார்கள்?

1840-களில் தொடங்கி 1930 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர் சுவீடனை விட்டு அமெரிக்கா போனார்கள். நிலம் பங்கு பிரிந்து பிரிந்து வயிற்றுக்குப் போதாமல் போனது ஒரு காரணம். 1867 முதல் 1869 வரை அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்தது இன்னொன்று. அந்தப் பக்கம், 1862-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த சட்டத்தின்படி குடியேறி உழுபவருக்கு 160 ஏக்கர் கிடைத்தது. மதக் காரணமும் இருந்தது. எரிக் யான்சன் என்ற போதகரின் சீடர்கள் 1846-இல் இல்லினாயில் பிஷப் ஹில் என்ற பொதுவுடைமைக் குடியிருப்பை அமைத்தார்கள். 1850-இல் யான்சன் சுட்டுக் கொல்லப்பட்டார்; 1861-இல் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கான்சாஸில் உள்ள லிண்ட்ஸ்பர்க், 1869-இல் ஊலோஃப் ஊல்சன் என்ற பாதிரியாரோடு வெர்ம்லாந்து மாகாணத்திலிருந்து வந்தவர்களின் ஊர்.

கீழே வரும் பதில்கள், இப்படிப்பட்ட ஊர்களில் சங்கமோ தேவாலயக் குழுவோ நடத்துபவர்களுக்கும், பாட்டியின் பெட்டியைத் திறந்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று விழிப்பவர்களுக்கும்.

மொழி ஏன் முதலில் போனது?

மொழியைத் தாங்கி நின்றது தேவாலயம். 1860-இல் தொடங்கிய அகஸ்தானா லூத்தரன் சபை வழிபாடு, ஞாயிறு பள்ளி, கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கான சுவீடிஷ் வகுப்பு எல்லாவற்றையும் சுவீடிஷில் நடத்தியது. முதல் உலகப்போரின்போது அந்நிய மொழி என்றாலே சந்தேகம் வந்தது. அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் 1918 மே மாதம் போட்ட ஆணை பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும், ஏன், பிரசங்க மேடையிலும்கூட ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி கூடாது என்றது. அந்த ஆணை சில மாதங்களில் போய்விட்டது, பயம் போகவில்லை. 1920-களில் சபையே ஆங்கிலத்துக்கு மாறியது. வீட்டில் மட்டும் பேசும் மொழி பேரன் காலத்தில் நின்றுவிடும். இங்கும் அதுதான் நடந்தது.

அதற்கு முன்பே பேச்சு கலந்துவிட்டிருந்தது. "தெருவைக் கடப்பது" என்பதற்கு ஆங்கில வினையை எடுத்து "க்ரோசா ஸ்ட்ரீடென்" என்றார்கள். சுவீடனில் "க்ரோசா" என்றால் நொறுக்குவது. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். தாத்தா இப்படிப் பேசிய ஒலிப்பதிவு கையில் இருந்தால் திருத்தி எழுதாதீர்கள். பிழைபோலத் தெரிவதுதான் அந்தப் பதிவின் மதிப்பு.

சுவீடனுக்கு வெளியே மொழி நெடுங்காலம் நின்ற இடம் எதுவுமே இல்லையா?

உண்டு, அமெரிக்காவில் அல்ல. 1780-களின் தொடக்கத்தில் பால்டிக் தீவான டாகோவிலிருந்து சுவீடிஷ் உழவர்கள் உக்ரைனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வழியிலேயே பலர் செத்தார்கள். அவர்கள் அமைத்த கம்மல்ஸ்வென்ஸ்க்பீ என்ற ஊரில், 1929-இல் சுமார் 900 பேர் சுவீடனுக்குத் திரும்பியபோதும் பழைய தீவு வழக்கு பேசப்பட்டது. ஏறக்குறைய 150 ஆண்டு. தனி ஊர், தனிச் சபை, ஊருக்குள்ளேயே திருமணம்: மொழிக்கு வேலை இருந்தது. மினசோட்டாவில் ஒரு நகரத் தெருவில் குடியிருப்பவருக்கு அது கிடையாது. ஆகவே பேரக்குழந்தை சரளமாகப் பேசவேண்டும் என்று கனவு காண்பதைவிட, கோடையில் ஷோலுண்டன் போன்ற மொழி முகாமுக்கு அனுப்புவது பலன் தரும். மினசோட்டாவின் கன்கார்டியா கல்லூரி நடத்தும் மொழிக் கிராமங்களில் அதுவும் ஒன்று. அங்கே சாப்பாடு கேட்பதற்கும் சுவீடிஷ்தான்.

லூசியா ஊர்வலம் முன்னோர் கொண்டுவந்ததா?

பெரும்பாலும் இல்லை. இதைச் சொன்னால் சில சங்கங்களில் முகம் சுருங்கும். புனித லூசியா நாளில் ஒரு பெண் வெள்ளை அங்கியும் தலையில் மெழுகுவத்தியுமாக வரும் வழக்கம் 1764-லேயே மேற்கு சுவீடனில் பதிவாகியிருக்கிறது. ஆனால் பெரிய வீடுகளைத் தாண்டி அதிகம் போகவில்லை. 1927-இல் ஸ்டாக்ஹோம் நாளிதழ் ஒன்று லூசியாவைத் தேர்ந்தெடுக்கும் போட்டி வைத்த பிறகுதான் அது நாடெங்கும் பரவியது. ஊர்வலப் பாட்டின் மெட்டோ இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தது. 1880-களில் கப்பலேறிய உழவர் மகளுக்கு டிசம்பர் 13-ஆம் தேதி இந்த ஊர்வலம் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அவள் கொண்டுவந்தது கிறிஸ்துமஸ் விடியற்காலை வழிபாடான "யூலோட்டா". இருட்டில் கிளம்பிப் போய் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாடுவது. உங்கள் சபையில் அது நின்றுபோயிருந்தால், முதலில் அதை மீட்டெடுங்கள். செலவும் கிடையாது.

லூசியா கிரீடத்தில் உண்மையான மெழுகுவத்தி வைக்கலாமா?

வைப்பவர்கள் இருக்கிறார்கள். சிறு பிள்ளைகள் என்றால் மின்கல விளக்குதான். உண்மையான சுடர் என்றால்: தலைமுடியை இழுத்துக் கட்டி, கிரீடத்தின் கீழே நனைத்துப் பிழிந்த கைக்குட்டையை விரியுங்கள். ஒவ்வொரு வத்திக்கும் மெழுகு சொட்டும் தட்டு வேண்டும். வாசலில் நிற்கும்போதுதான் ஏற்றவேண்டும், ஒப்பனை அறையில் அல்ல. வேகமாக நடந்தால் சுடர் பின்னால் சாய்ந்து முடியைத் தொடும், அதனால்தான் அந்த நடை அவ்வளவு மெதுவானது. ஈரத்துணியோடு பெரியவர் ஒருவர் ஓரமாகக் கூடவே வரட்டும். பின்னால் வரும் நட்சத்திரப் பையன்களின் கூம்புத் தொப்பி காகிதம் என்பதை மறக்கவேண்டாம். இரண்டு கை இடைவெளி விட்டு நடக்கச் சொல்லுங்கள்.

குங்குமப்பூ பன் ஏன் மறுநாளே கட்டையாகிறது?

"லுஸ்ஸெகட்" எனப்படும் இந்த "எஸ்" வடிவ பன்னுக்கு ஒரு ஈட்டு அளவு: பால் 500 மி.லி., வெண்ணெய் 175 கிராம், குங்குமப்பூ 1 கிராம், புது ஈஸ்ட் 50 கிராம் (உலர்ந்ததென்றால் சுமார் 14), சர்க்கரை 180 கிராம், உப்பு அரை தேக்கரண்டி, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 250 கிராம், மைதா 950 கிராம் முதல் 1 கிலோ. 35-க்குக் குறையாமல் வரும்.

கட்டையாவதற்கு மூன்று காரணங்கள். முதலாவது மாவு: கையில் ஒட்டுகிறதே என்று கூடக் கூடப் போடுவது. இந்த மாவு சற்றே ஒட்டத்தான் செய்யும்; பத்து நிமிடம் பிசைந்தால் பாத்திரத்தை விட்டுத் தானே கழன்று வரும். இரண்டாவது அடுப்பு: 225 டிகிரி செல்சியஸில் 6 முதல் 8 நிமிடம் போதும். "இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்" என்று காத்திருந்தால் ரஸ்க் ஆகிவிடும். மூன்றாவது குங்குமப்பூவே. அதை அதிகம் போட்டால் பன் வறண்டுபோகும் என்பது சமையலறை வழக்குச் சொல். தயிர் சேர்ப்பது அதற்குத்தான்.

குங்குமப்பூவை அப்படியே பாலில் தூவினால் நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு உரலில் நுணுக்கி, வெதுவெதுப்பான பாலிலோ கொஞ்சம் சாராயத்திலோ அரை மணி நேரம் ஊறவையுங்கள். முதல் நாள் இரவே ஊறப்போட்டால் இன்னும் நல்லது. புது ஈஸ்டுக்குப் பால் 37 டிகிரி. விரலில் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. அடுப்பிலிருந்து எடுத்ததும் துணி போர்த்தி ஆறவிடுங்கள். அன்றே சாப்பிடாததை, ஆறினவுடன் உறைபெட்டியில் வையுங்கள். மறுநாளுக்கென்று வெளியே வைக்கவேண்டாம்.

பாட்டியின் குறிப்பில் உள்ள அளவுகள் புரியவில்லையே?

மூன்று காலத்து அளவுகள் ஒரே காகிதத்தில் கலந்திருக்கும். மிகப் பழையவற்றில் "ஸ்கோல்பூண்ட்" 425 கிராம், "லூட்" சுமார் 13 கிராம், "கன்னா" 2.6 லிட்டர், "க்வார்டெர்" சுமார் 330 மி.லி., "யூங்ஃப்ரு" சுமார் 80 மி.லி. அடுத்து காபிக் கோப்பை 150 மி.லி., தேநீர்க் கோப்பை 250 மி.லி. கடைசியாக அமெரிக்கக் கப், 237 மி.லி. சுவீடிஷ் சொற்களில் எழுதிய குறிப்பில் வெறும் "கோப்பை" என்று இருந்தால் முதலில் காபிக் கோப்பை என்று வைத்துச் செய்து பாருங்கள். அமெரிக்கக் கப்பாக எடுத்ததால் கெட்டுப்போன பிஸ்கட்டுகள் ஏராளம்.

பொருள்களிலும் பொறி உண்டு. "சிரப்" என்றால் சுவீடனில் சர்க்கரைப் பாகு. அமெரிக்கக் கடையின் கறுப்பு மொலாஸஸை ஊற்றினால் கசக்கும். "மான்கொம்பு உப்பு" என்பது அம்மோனியம் கார்பனேட். மெல்லிய, உலர்ந்த பிஸ்கட்டுக்கு மட்டும் அது. தடித்த கேக்கில் போட்டால் அம்மோனியா உள்ளேயே தங்கி நாறும். பச்சை மாவை ருசி பார்க்கவும் கூடாது.

அளவு கண்டுபிடித்ததும் கிராமில் எழுதி மூலக் காகிதத்தோடு சேர்த்து வையுங்கள். மூலத்தின் மேலேயே திருத்தி எழுதாதீர்கள். இன்னொன்று: பாட்டி உயிரோடு இருந்தால் குறிப்பைக் கேட்பதைவிட, அவர் கைப்பிடி மாவை எடுத்துப் போடும்போது கீழே தராசை வையுங்கள்.

உருளைக்கிழங்குக் கொத்துக்கறிக் குழல் சாம்பல் நிறமாகிவிடுகிறது. ஏன்?

வெர்ம்லாந்துக்காரர்கள் கொண்டுவந்த "பொட்டாட்டிஸ்கொர்வ்" இது. பச்சை உருளைக்கிழங்கு காற்றுப் பட்டதும் கறுக்கும். ஆகவே மற்ற எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, கிழங்கைக் கடைசியில் அரைத்து உடனே கறியோடு கலக்கவேண்டும். 1 கிலோ கிழங்குக்குப் பன்றிக்கறி அரை கிலோ, மாட்டுக்கறி அரை கிலோ, இரண்டு பெரிய வெங்காயம், உப்பு 30 கிராம், ஆல்ஸ்பைஸ் இரண்டு தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் ஒன்று. பன்றிக்குடலில் தளர்வாக நிரப்புங்கள், முக்கால் பங்குக்கு மேல் வேண்டாம். வேகும்போது கிழங்கு உப்பும், முட்ட நிரப்பியது வெடிக்கும். ஊசியால் அங்கங்கே குத்திவிட்டு, கொதிக்கவிடாமல் சுமார் 80 டிகிரி நீரில் முக்கால் மணி நேரம். நடுவில் 71 டிகிரி வந்ததா என்று வெப்பமானியில் பாருங்கள். சமைக்காததை ஓர் இரவு வைப்பதென்றால் குளிர்பெட்டியில், தண்ணீரில் மூழ்கியபடி.

லூட்ஃபிஸ்க் கரைந்து கஞ்சியாகிறதே?

காரநீரில் ஊறிப் பருத்த உலர்மீன் அது, ஏற்கெனவே தண்ணீர்மயம். சமைப்பதற்கு முன் உப்புத் தூவி அரை மணி விடவேண்டும், அப்போதுதான் நீர் விட்டு இறுகும். தண்ணீர் ஊற்றவே வேண்டாம். மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில், 200 டிகிரி அடுப்பில் 30 முதல் 40 நிமிடம். அலுமினியப் பாத்திரம் கறுத்துவிடும், வெள்ளிக் கரண்டியும் பாழ். மணம் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

மிட்சொம்மர் கம்பத்தை எப்படி நிறுத்துவது?

சுவீடனில் 1953-இலிருந்து ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமையில் இந்தக் கோடை நடுவிழாவைக் கொண்டாடுகிறார்கள். லிண்ட்ஸ்பர்கில் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை. அமெரிக்காவில் அந்த வெள்ளி விடுமுறை இல்லை, அவ்வளவுதான் காரணம்.

7 மீட்டர் கம்பத்துக்குக் குழி 1 மீட்டருக்குக் குறையக்கூடாது. ஆண்டுதோறும் தோண்டுவதற்குப் பதில் இரும்புக் குழாய் ஒன்றைக் கான்கிரீட்டில் பதித்து மூடி போட்டு வைத்துவிடலாம். குறுக்குக் கட்டையும் அதன் இரு முனைகளில் வளையங்களும் படுத்த நிலையிலேயே கட்டப்படவேண்டும். இலைக்கொத்துகளை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கட்டுங்கள், நுனி உச்சியைப் பார்த்தபடி. அப்போது ஒவ்வொரு கொத்தின் இலையும் மேலே உள்ளதன் காம்பையும் கயிற்றையும் மறைக்கும். கீழிருந்து தொடங்கினால் கயிறெல்லாம் வெளியே தெரியும். சுவீடனில் பிர்ச் மரக் கிளை. கான்சாஸில் கிடைக்கும் ஓக் கிளையே போதும். முன்னிரவே வெட்டி, நிழலில் வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். பூவைக் காலையில்தான் செருக வேண்டும். கான்சாஸ் வெயிலில் இரண்டு மணிக்கெல்லாம் தலை தொங்கிவிடும்.

தூக்குவதற்குக் கத்தரிபோல் கட்டிய இரட்டைக் கழிகள் மூன்று ஜோடி, வெவ்வேறு நீளத்தில். அடியில் இருவர் கம்பம் வழுக்காமல் பிடிக்க, பக்கவாட்டில் இரண்டு கயிறு. குரல் கொடுப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும். நான்கு பேர் நான்கு விதமாகக் கத்தும்போதுதான் கம்பம் சாய்கிறது. மேலே மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள்.

எந்த உடையைத் தைப்பது?

நீல மஞ்சள் "ஸ்வேரியெத்ரெக்ட்" நாட்டு உடையை 1903-இல் மெர்டா யோர்கென்சன் வடிவமைத்தார். 1983-இல்தான் அதற்கு அதிகாரத் தகுதி கிடைத்தது. யார் வேண்டுமானாலும் அணியலாம். வட்டார உடை வேண்டுமென்றால் முதலில் முன்னோரின் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) எதுவென்று கண்டுபிடியுங்கள். தாலர்னா மாகாணத்து ரெத்விக்கின் கோடுபோட்ட ஏப்ரன் அழகாக இருக்கிறது என்பதற்காக ஸ்மோலாந்து மாகாணத்துக் குடும்பம் அணிவது, தவறில்லை, ஆனால் தெரிந்தவர்கள் கேட்பார்கள்.

பழைய கம்பளி உடையை நீரில் நனைக்காதீர்கள். சிவப்புச் சாயம் வெள்ளைத் தையலில் இறங்கும். பூச்சி இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றின்றிக் கட்டி, கழித்தல் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைப் பிரிக்கவேண்டாம், அறைச்சூடு வரட்டும். கனமான பாவாடையைத் தொங்கவிட்டால் இடுப்புப் பட்டை கிழியும். அமிலமற்ற காகிதம் மடித்து வைத்துப் படுக்கப்போடுங்கள்.

டாலா குதிரை அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

டாலா குதிரை என்பது வண்ணம் பூசிய மரக்குதிரை. தாலர்னாவில் மோரா அருகே உள்ள நூஸ்நெஸ் ஊரில் செய்தது என்றால் பைன் மரம், கையால் சீவியது, வயிற்றில் ஒட்டுச்சீட்டு அல்லது முத்திரை. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்த பெரிய குதிரைக்குப் பிறகுதான் அது உலகறிந்த சின்னம். லிண்ட்ஸ்பர்க் தெருக்களில் நிற்கும் வண்ணக் குதிரைகள் அந்த ஊரின் விளையாட்டு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

முன்னோரின் ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவீடனில் தேடத் தொடங்குவது முதல் தவறு. அமெரிக்கச் சபைப் பதிவேட்டில் தொடங்குங்கள். அகஸ்தானா சபைகளின் உறுப்பினர் ஏட்டில் பிறந்த தேதியோடு பிறந்த பங்கின் பெயரும் எழுதும் வழக்கம் இருந்தது. இல்லினாயில் ராக் ஐலண்டின் அகஸ்தானா கல்லூரியில் இருக்கும் ஸ்வென்சன் ஆய்வு மையத்தில் அவற்றின் நுண்படங்கள் உண்டு. "ஸ்மோலாந்து" என்று மாகாணம் மட்டும் தெரிந்தால் போதாது. பங்கு தெரிந்தாக வேண்டும்.

பங்கு கிடைத்ததும் சுவீடனின் தேசிய ஆவணக் காப்பக இணையதளத்தில், 2018-இலிருந்து இலவசமாக, "ஹூஸ்ஃபோர்ஹோர்ஸ்லெங்ட்" எனப்படும் வீட்டு விசாரணை ஏட்டைத் திறக்கலாம். பாதிரியார் வீடு வீடாகப் போய் வேதப்பாடம் தெரிகிறதா என்று சோதித்த பதிவு அது. குடும்பத்தில் யார், எப்போது பிறந்தார், எந்தப் பண்ணையிலிருந்து எங்கே போனார் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். புறப்பட்ட நாளுக்குக் கோத்தன்பர்க் காவல்துறையின் பயணிகள் பட்டியல், 1869-இலிருந்து உண்டு. பலர் அங்கிருந்து இங்கிலாந்தின் ஹல், ரயிலில் லிவர்பூல், பிறகு நியூயார்க் என்று போனார்கள். நேர்க்கப்பல் 1915-இல்தான் வந்தது.

பெயரில்தான் அதிகம் பேர் விழுவது. ஆண்டர்ஸ் என்பவருக்கு "பேர்" என்று ஒரு மகன் இருந்தால் அவன் பேர் ஆண்டர்சன், அவன் மகன் யூஹான் என்றால் யூஹான் பேர்சன், மகள் பேர்ஸ்தொத்தர். தந்தை பெயரை முன்னெழுத்தாகப் போடும் தமிழ் வாசகருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. படைவீரனுக்கு ராஸ்க், ஸ்வேர்ட் என்று படைப்பெயர் வேறு. எனவே குடும்பப் பெயரை விட்டுப் பண்ணைப் பெயரையும் பிறந்த தேதியையும் பிடித்துப் போங்கள். அகரவரிசையில் மேலே வட்டமோ புள்ளியோ உள்ள மூன்று உயிரெழுத்துகள் கடைசியில் வரும். முன்னால் தேடிவிட்டு "இல்லை" என்று முடிவு கட்டவேண்டாம்.

பெட்டியில் இருந்த கடிதங்களை என்ன செய்வது?

ரப்பர் வளையம், ஊக்கு, உலோகப் பிடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள், தேதியும் ஊரும் அஞ்சல் முத்திரையில்தான். அங்குலத்துக்கு 600 புள்ளியில் வருடி எடுத்து, மூலத்தை அமிலமற்ற உறையில் வையுங்கள். பரணும் நிலவறையும் வேண்டாம்: ஒன்றில் சூடு, மற்றதில் ஈரம். படத்தின் பின்புறம் பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் பெயர் எழுதுங்கள். "அம்மா" என்று மட்டும் எழுதினால் நாற்பது ஆண்டு கழித்து யாருடைய அம்மா என்று யாருக்கும் தெரியாது.

படிக்கும்போது அகராதியில் சொல் கிடைக்காவிட்டால் 1906 எழுத்துச் சீர்திருத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 'வ' ஒலியை வேறு எழுத்துகளால் எழுதினார்கள். அந்தச் சொல்லை உரக்கப் படித்தாலே பாதி புரிந்துவிடும்.

இளைஞர்கள் வருவதில்லை. என்ன செய்யலாம்?

உரையாற்ற அழைக்காதீர்கள், வேலை கொடுங்கள். லிண்ட்ஸ்பர்கில் நாட்டுப்புற நடனக் குழு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுடையது. ஒத்திகை, உடை, பயணம் எல்லாம் அவர்கள் வயதோடு ஒட்டுகிறது. அதே ஊரின் ஹில்னிங்ஸ்ஃபெஸ்ட் விழா 1941-இல் தொடங்கியது. ஒற்றைப்படை ஆண்டுகளில், அக்டோபரில் மட்டும் நடக்கிறது. ஆண்டுதோறும் இதே பத்துப் பேரை வதைக்காமல் இருப்பது நல்ல கணக்கு என்பது எங்கள் எண்ணம். சமையலுக்கு ஒரு மூத்தவர், கூட ஒரு இளையவர் என்று ஜோடி போடுங்கள். இரண்டாம் ஆண்டு இளையவர் செய்ய, மூத்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும். இந்த இரண்டாம் பாதிதான் எங்கும் நடப்பதில்லை.

சுவீடனிலிருந்து வந்த விருந்தினர் "இதெல்லாம் எங்கள் ஊரில் இல்லையே" என்கிறார். எது சரி?

இரண்டும். அவர் ஊரில் உருளைக்கிழங்குக் குழல் வட்டாரப் பண்டம். உங்கள் ஊரில் அது கிறிஸ்துமஸின் மையம். அவர் மிட்சொம்மருக்கு ஊறுகாய் ஹெர்ரிங் மீனும் புது உருளைக்கிழங்கும் எதிர்பார்ப்பார். நீங்கள் இறைச்சி உருண்டை வைத்திருப்பீர்கள். விழாத்தாளில் "சுவீடிஷ் வழக்கம்" என்று போடாமல் "லிண்ட்ஸ்பர்க் வழக்கம்", "பிஷப் ஹில் வழக்கம்" என்று அச்சிடுங்கள். ஹெர்ரிங்கும் ஒரு தட்டு வைத்துவிடுங்கள், அவர் சாப்பிடுவார்.